மாப்பிள்ளை அறையில் ராஜாராம்

கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த வருடம், வைகாசி மாதம். சிங்கப்பெருமாள் கோயில் கடைத்தெரு முழுக்க மூடிக் கிடக்க, ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கும் கல்யாண மண்டபத்தின் முகப்பில் மட்டும் மாலையானால் சீரியல் பல்புகள் ஓடிக்கொண்டிருந்தன. 'நல்வரவு' என்ற எழுத்துகள் அணைந்து அணைந்து எரிந்தன. மேளம் கேட்கவில்லை. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. ஆனால் உள்ளே மாப்பிள்ளை இருந்தார்.

மாப்பிள்ளைக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஜுரம் வேறு. ஏற்கெனவே கல்யாணமாகி, பெண்ணைப் பெற்று, அந்தப் பெண்ணுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்காகக் காத்திருந்தவர். அவரை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது அவருடைய மனைவி எல்லம்மாள்.

எல்லம்மாக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் லைன் வீடுகளில் என் வீட்டுக்கு நேர் எதிர்க் கதவு அவருடையது. அந்த வரிசையில் முதலில் பட்டம் வாங்கியது நான் என்பதால் என் பெயரை மறந்துவிட்டு 'காலேஜு' என்றுதான் கூப்பிடுவார். அதில் பெருமை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மண்டபத்தைப் பெருக்கிக் கழுவுவது அவர் வேலை. திருக்கச்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், நாற்று நடுகிற குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய கல்யாணம் மாரியம்மன் கோயில் வாசலில் நடந்தது. தாலி கட்டி முடித்த கையோடு மழை பிடித்துக்கொள்ள, வந்தவர்கள் எல்லாரும் ஒரு மாட்டுக் கொட்டகையில் நின்றே சாப்பிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு அடங்காது. "மாடு ஒண்ணு என் மாலைய தின்னுடுச்சு, காலேஜு. அதுக்குத்தான் முதப் பந்தி" என்பார். பக்கத்தில் தொழிற்பேட்டை வந்தபோது ராஜாராமுக்குக் கம்பெனி வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. இருவரும் இங்கே வந்துவிட்டார்கள்.

மண்டபத்தில் நடக்கும் எல்லாக் கல்யாணமும் தன் வீட்டுக் கல்யாணம் என்பது அவர் நினைப்பு. கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தைக் குறை சொல்லுவார். மணப்பெண் சிரிக்காத கல்யாணம் அவருக்குக் கணக்கில் சேராது. சம்பந்திகள் சண்டை போட்டால் துடைப்பத்தோடு நடுவில் போய்விடுவார். ஒருமுறை ஏசி ஓடவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் குதித்தபோது, அவர்கள் காலடியிலேயே பெருக்க ஆரம்பித்து, "சண்ட போடறவங்க கால தூக்கினு போடுங்க, கீழ நான் பெருக்கணும்" என்றார். காலைத் தூக்கிக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? அவர்களே சிரித்துவிட்டார்கள்.

மண்டபத்தில் வேலை இல்லாத நாட்களில் ரயிலேறிக் கூடுவாஞ்சேரிக்குப் போய் ஓர் அடுக்குமாடி வீட்டில் வேலை செய்வார். அங்கே இருப்பவர்கள் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கோபாலகிருஷ்ணன் சாரும் அவர் மனைவி சகுந்தலா அம்மாவும். சித்திரை மாதம் அவர்கள் இருவருக்கும் தொற்று வந்தது. சார் ஓர் அறைக்குள், அம்மா இன்னோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு அறைக்கும் தனித்தனியாகக் குளியலறை. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் ஆளுக்கொன்று. எல்லம்மாக்கா சாப்பாட்டைக் கொண்டுபோய் வாசல் கேட்டில் தொங்கவிட்டு வருவார்.

வந்து எங்களுக்குக் கதை சொன்னார். "புருசனும் பொண்டாட்டியும் ஒரே வூட்டுக்குள்ள போன்ல பேசிகினு கீறாங்க. இந்த ரூம்லேர்ந்து அந்த ரூமுக்கு குட் மார்னிங்கு. நம்ம வூட்ல அப்படிப் பேசணும்னா ஒருத்தரு ரயில்வே ஸ்டேசனுக்குப் போவணும்."

இருவரும் நல்லபடியாகத் தேறினார்கள். எல்லம்மாக்கா பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தார்.

அடுத்து எங்கள் வரிசைக்கு வந்தது. முதலில் இருமியது ராஜாராம் அண்ணன்.

எங்கள் லைன் வீடுகள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். வீடு என்றால் ஓர் அறை. அந்த அறையிலேயே ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் பாய். கக்கூஸும் குழாயும் எல்லா வீட்டுக்கும் பொது. இதில் ராஜாராம் அண்ணனுக்கு ஜுரம் வந்த நேரம்தான் மோசமானது. அவர் மகள் காயத்ரி நிறைமாதமாகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது முறை. அவள் புருஷன் ஆனந்தன் திருவிடந்தைக்காரன். கடற்கரையோர ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்து, ஊரடங்கில் அதுவும் இல்லாமல் இருந்தான். ஊரடங்குக்கு முன்பே அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தான். வளைகாப்பு என்று கூட்டம் சேர்க்க முடியவில்லை. எல்லம்மாக்கா மட்டும் ஒரு டஜன் கண்ணாடி வளையலை அவள் கையில் ஏற்றிவிட்டு, தானே இரண்டு பாட்டுப் பாடி முடித்துவைத்தார்.

கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் ஆகாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பரிசோதனை முடிவு ராஜாராம் அண்ணன் போனுக்கு வந்தபோது நான்தான் படித்துச் சொன்னேன். சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸம்மா வாசலிலேயே நின்றார். நோய் லேசாக இருப்பதால் வீட்டிலேயே தனி அறையில், தனிக் குளியலறையோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எழுதிக்கொடுத்திருந்ததை அப்படியே சொன்னார், பாவம். சிகிச்சை மையத்தில் சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். அங்கே படுக்கை நிரம்பியிருக்கிறது, காலியானால் கூப்பிடுகிறோம் என்றார்.

எல்லம்மாக்கா அந்த நர்ஸம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனி ரூமா? எங்க வூடே ஒரு ரூமுதான்மா. அவர தனியா வுட்டா நானும் புள்ளத்தாச்சியும் தெருவுல தனியா நிக்கணும்."

கல்லூரியில் நான் படித்தது சமூகப் பணி. சுகாதார ஏற்றத்தாழ்வு என்று ஒரு பாடம், அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பாடத்தின் ஒரு பக்கம் என் கண் முன்னால் நின்று இருமிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படித்தது என்றால் பெயர் வைக்கத் தெரிந்துகொண்டது மட்டும்தானா என்று அன்று என்னையே கேட்டுக்கொண்டேன். எல்லா வீட்டுக்கும் வருவது ஒரே நோய்தான் என்று டிவியில் அடிக்கடி சொன்னார்கள். நோய் ஒன்றுதான், அது நுழைகிற வீட்டில் சாத்திக்கொள்ள எத்தனை கதவு இருக்கிறது என்பதுதான் வேறு.

எல்லம்மாக்கா அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்தார். மண்டபத்தின் சாவி.

மண்டபத்து மேனேஜர் முத்துசாமி. முதலாளி சென்னையில் இருக்கிறார், ஆகவே எல்லாவற்றுக்கும் முத்துசாமிதான். எல்லம்மாக்கா அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மாப்பிள்ளை அறை சும்மாதானே இருக்கிறது, நம்ம ஆளை அதில் படுக்கவைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து 'ஹலோ, ஹலோ' மட்டும் வந்தது. முத்துசாமியின் பயம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. நோயாளி படுத்த மண்டபம் என்று பெயர் வந்துவிட்டால் ஆவணியில் யார் முகூர்த்தத்துக்குப் பதிவு செய்வார்கள்?

"எல்லம்மா, இங்க சிக்னலே இல்ல. நீ சொல்றது ஒண்ணும் எனக்குக் கேக்கல."

"ஒண்ணும் கேக்கலியா அண்ணாத்த?"

"ஒண்ணுமே கேக்கல."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாணாம்னு சொன்னாரா?"

சொல்லவில்லை என்றேன்.

"அவ்ளோதான்."

அன்று மத்தியானமே ராஜாராம் அண்ணன் ஒரு பையில் லுங்கியும் துண்டும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை அறைக்குக் குடிபோனார். இரண்டு கட்டில், கூடவே குளியலறை, சுற்றிலும் பல்பு வைத்த ஆளுயரக் கண்ணாடி. முதல் நாள் அவர் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாய்ந்து படுத்தால் யாராவது வந்து எழுப்பிவிடுவார்களோ என்பதுபோல. எல்லம்மாக்கா எதிரே சாப்பாட்டுக் கூடத்தில் பாய் போட்டுக்கொண்டார். புருஷனைத் தொட்டுப் பழகியவர் மகள் பக்கத்தில் போகக் கூடாது என்று அவரே முடிவு செய்துகொண்டார். ஆக, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த காயத்ரி தனியாக அந்த ஓர் அறையில் இருந்தாள். வாசல் திண்டில் என் அம்மா படுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அது ஒயரிங். மண்டபத்தைக் கட்டிய காலத்தில் எந்த எலக்ட்ரீஷியனோ, மாப்பிள்ளை அறையின் ஃபேனையும் முகப்பு அலங்கார விளக்கையும் ஒரே மெயினில் கொடுத்திருந்தார். அவர் கணக்கு சரிதான். மாப்பிள்ளை அறையில் ஆள் இருந்தால் கல்யாணம். கல்யாணம் என்றால் வாசலில் விளக்கு. உள்ளே ஒருவர் ஜுரத்தோடு படுத்திருப்பார் என்று யார் நினைத்தார்கள்? செங்கல்பட்டு வெயிலில் ஃபேன் இல்லாமல் ஆரோக்கியமானவனே படுக்க முடியாது. ஆகவே ஃபேன் போடப்பட்டது. 'நல்வரவு' எரிந்தது.

காயத்ரிக்கு அது பெரிய ஆறுதலாகப் போயிற்று. எங்கள் வரிசையின் கோடியில் நின்றால் மண்டபத்து முகப்பு தெரியும். மாலையானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து நிற்பாள். "நைனா ஃபேன் போட்டுகினாரு" என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்காருவாள்.

எல்லம்மாக்காவுக்கோ அந்த விளக்கே பகை. ஊர் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும் என்று ஸ்டோர் ரூமைக் குடைந்து ஒரு பழைய ஃபிளெக்ஸை எடுத்துவந்தார். எப்போதோ நடந்த ஷ்யாம் - வைஷாலி கல்யாணத்துக்கு வைத்தது. அதில் பாதியை யாரோ கிழித்து எதற்கோ கூரை போடக் கொண்டுபோயிருந்தார்கள். ஷ்யாம் போய்விட்டார். மிஞ்சியது வைஷாலி மட்டும். அதை முகப்பில் குறுக்கே கட்டிவிட்டுக் கீழே இறங்கினார். இருட்டியதும் பார்த்தால், பின்னால் எரிந்த பல்புகளின் வெளிச்சத்தில் வைஷாலி நகையும் பூவுமாகத் தெருவையே பார்த்து ஜொலித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. இப்போது மணப்பெண்ணும் தெரிந்தாள்.

மாப்பிள்ளை வேளாவேளைக்குச் சாப்பிட்டார். எல்லம்மாக்கா கஞ்சியையும் ரசத்தையும் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்று, பந்தி விசாரிக்கிற குரலில், "மாப்ள வூட்டுக்காரங்களுக்கு இன்னா கொற?" என்று கேட்பார். உள்ளிருந்து, "ரசத்துல உப்பு இல்ல" என்று பதில் வரும். "கட்டிக் குடுத்தாச்சு, இனிமே அப்படித்தான்" என்பார் இவர். ருசி தெரியாமல் போவதும் அந்த நோயின் குணம் என்று நான் சொன்னபோது, கல்யாணமான நாளிலிருந்தே இவருக்கு அந்த நோய் உண்டு என்றார்.

சில நாளில் ஏசுதாஸும் வந்து சேர்ந்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்ப்பவன். எங்கள் தெருவில் ஓர் அறையை ஆறு பேர் எடுத்துக்கொண்டு, பகல் ஷிஃப்ட் ஆள் எழுந்த பாயிலேயே இரவு ஷிஃப்ட் ஆள் வந்து படுப்பார்கள். ஜுரம் என்று தெரிந்ததும் மற்ற ஐந்து பேரும் வாசலில் நின்றார்கள். எங்கே போவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. எல்லம்மாக்கா இரண்டாவது கட்டிலைக் காட்டினார். "மாப்ளைக்கு தோழன் வாணாமா?"

இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. மண்டபத்தில் விளக்கு எரிகிறது, சமையல் வாசனை வருகிறது, திருட்டுத்தனமாகக் கல்யாணம் நடக்கிறது என்று. திருவிடந்தையிலிருந்து ஆனந்தன் வீடியோ காலில் காயத்ரியைக் கேலி செய்தான். எங்க ஊர் நித்ய கல்யாணப் பெருமாளுக்கே இப்போது கதவு சாத்திவிட்டார்கள், உங்க ஊரில் யாருக்குத் தினம் கல்யாணம் என்றான். அந்தப் பேச்சு நடந்து நடந்து ராஜாராம் அண்ணனின் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் உருவமே மாறிப்போயிருந்தது. அவருடைய மூத்த அண்ணனுக்குக் கிடைத்த செய்தி இதுதான்: 'உன் தம்பி மாப்பிள்ளை ரூமில் இருக்கிறான். வாசலில் பொண்ணு படம் போட்டிருக்கிறது. எல்லம்மாவே சமைத்துப் போடுகிறாள்.'

ஒரு நாள் சாயங்காலம், விளக்கு போட்ட நேரம், ஜீப் வந்து நின்றது. சுகாதார ஆய்வாளர் ஹரிகிருஷ்ணன் இறங்கினார். கூட ஒரு போலீஸ்காரர். ஹரிகிருஷ்ணனுக்கு வயது முப்பதுதான் இருக்கும். தூங்கி எத்தனை நாள் ஆகிறதோ, கண் சிவந்திருந்தது. தடையை மீறிக் கல்யாணம் நடப்பதாகப் புகார், அபராதம் போட்டு மண்டபத்தைப் பூட்டி சீல் வைக்க வேண்டும் என்றார். நான் அப்போது மாத்திரை கொடுக்க வந்து வாசலில் நின்றிருந்தேன். தெருவே கூடிவிட்டது, இடைவெளி விட்டுத்தான். எங்கிருந்தோ முத்துசாமியும் ஓடிவந்தார். இப்போது அவருக்கு சிக்னல் நன்றாகவே கிடைத்திருந்தது.

ஆய்வாளர் உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார். எல்லம்மாக்கா மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார்.

"மாப்ள உள்ளதான் கீறாரு சார். கிட்ட மட்டும் போவாதீங்க, ஒட்டிக்கும்."

லுங்கியோடு ராஜாராம் அண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார். ஏசுதாஸ் இருமினான். ஆய்வாளர் இரண்டு அடி பின்னால் வந்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, அப்படியானால் கல்யாணம் எங்கே என்றார். புகார் கொடுத்தவரையே கேட்டுவிடலாம் என்று அந்த எண்ணுக்குப் போன் போட்டார். கூட்டத்துக்குள்ளேயே ஒரு போன் அடித்தது. அம்மன் பாட்டு. வெள்ளை வேட்டி சட்டையில், கையில் மஞ்சள் பையோடு நின்றிருந்த ராஜாராம் அண்ணனின் மூத்த அண்ணன், பாக்கெட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார். அது அடங்கவில்லை.

ஆய்வாளர் ஏன் இப்படிப் பொய்ப் புகார் கொடுத்தீர்கள் என்று கேட்டதும் பெரியவர் பொங்கிவிட்டார்.

"ரெண்டாங் கல்யாணம் பண்ணிகினா பண்ணிகட்டும் சார். கூடப் பொறந்த அண்ணன், ஒரு வார்த்த கேக்க வாணாமா?"

தெரு முழுக்கச் சிரித்தது. எல்லம்மாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணில் சாய்ந்துவிட்டார். போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மஞ்சள் பையில் என்ன என்று யாரோ கேட்டார்கள். புது வேட்டியாம். கல்யாணம் உண்மையாகவே நடந்துவிட்டால் வெறுங்கையோடு நிற்கக் கூடாதே என்று, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்திருந்தார்.

ஆனால் ஆய்வாளர் சிரிக்கவில்லை. சட்டத்தில் இதற்கும் இடமில்லை என்றார். அனுமதி இல்லாமல் நோயாளிகளைப் பொது மண்டபத்தில் வைக்கக் கூடாது; இவர்கள் வீட்டுக்குப் போகட்டும், மையத்தில் இடம் கிடைத்ததும் கூப்பிடுகிறோம் என்றார். போலீஸ்காரரிடம் கையைக் காட்ட, அவர் போய் மெயினை இறக்கினார். வைஷாலி அணைந்தாள். உள்ளே ஃபேன் சுற்றி நின்றது.

எல்லம்மாக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போயிற்று.

"பூட்டுறதுன்னா பூட்டுங்க சார். இவரு இன்னிக்கு எந்த ரூம்ல படுக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் பூட்டுங்க. வூட்ல இருக்கிற ஒரே ரூம்ல எம் பொண்ணு நெறமாசமா கீது."

அந்தச் சமயம் எல்லம்மாக்காவின் போன் அடித்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். காயத்ரியின் குரல், மூச்சு வாங்க, அவ்வளவு பேர் காதிலும் விழுந்தது.

"எம்மா, லைட்டு நின்னுபோச்சே. நைனாவுக்கு இன்னாம்மா ஆச்சு?"

எல்லம்மாக்கா ஆய்வாளரைப் பார்த்தபடியே, "ஒண்ணும் இல்லம்மா, கரண்டு போச்சு. வந்துரும்" என்றார்.

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு முத்துசாமி பக்கம் திரும்பினார். இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றார். உங்களுக்குத் தெரியாமல் ஆள் புகுந்திருக்கிறார்கள் என்றால் விதிமீறல், அபராதம், சீல். இல்லை, நோயாளிகள் தங்குவதற்கு நிர்வாகமே மண்டபத்தைக் கொடுத்திருக்கிறது என்றால் நான் மேலே சொல்லி இப்போதே முறைப்படி ஆக்கிவிடுகிறேன், டாக்டரும் வந்து பார்ப்பார்.

முத்துசாமியின் மனதுக்குள் சீல் வைத்த கதவும் ஆவணி முகூர்த்தமும் மாறி மாறி வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார்.

"சார், எங்க முதலாளி ஆரம்பத்திலேயே சொல்லிட்டாரு. முத்துசாமி, மக்களுக்குக் கஷ்ட காலம், மண்டபத்தைத் தொறந்து வுடுன்னு."

எல்லம்மாக்கா ரொம்பத் தெரிந்தவர்போலத் தலையாட்டினார். "இவரும் தங்கமான மன்சன் சார். போன்லதான் சரியா கேக்காது."

மெயினை யார் தூக்கியது என்று தெரியவில்லை. போலீஸ்காரர்தான் என்று நினைக்கிறேன். வைஷாலி மறுபடி சிரித்தாள்.

முதலாளிக்கு மறுநாள் சென்னையில் ஏகப்பட்ட போன். நீங்கள் இவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று தெரியாமல் போச்சே என்று தெரிந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்களாம். முதலில் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்தபிறகு, வந்த பெயரைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்? இரண்டு மூட்டை அரிசி அனுப்பிவைத்தார். சகுந்தலா அம்மா ஆள் விட்டு அந்த இரண்டு ஆக்சிமீட்டரையும், ஒரு கூடை எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தனுப்பினார். மணப்பெண் அறையில் பெண்களும், மேடையில் வரிசையாகப் பாய் போட்டு ஆண்களுமாக மண்டபம் நிறைந்தது. மூத்த அண்ணன் கொண்டுவந்த வேட்டியை ராஜாராம் அண்ணன் கட்டிக்கொண்டு ஜன்னலில் வந்து காட்டினார். கரை கொஞ்சம் பளபளப்புதான். மாப்பிள்ளைக்குச் சரியாகவே இருந்தது.

அந்த ஆக்சிமீட்டரால்தான் ஏசுதாஸ் பிழைத்தான். ஒரு நாள் காலை கஞ்சி குடித்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவனின் விரலில் மாட்டினால் எண் கீழே போய்க்கொண்டே இருந்தது. அவனுக்கே தெரியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஆக்சிஜன் வைத்து, மெலிந்துபோய்த் திரும்பி வந்தான். தோழன் இல்லாமல் மாப்பிள்ளை எங்கேயும் கிளம்ப மாட்டார் என்று எல்லம்மாக்கா கட்டிலைக் காலியாகவே வைத்திருந்தார்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் எங்களைப் போலவே ஒரு லைன் வீடு இருக்கிறது. அங்கே பக்கத்தில் மண்டபம் இல்லை. ஞானதாஸ் என்கிற கொத்தனார் தன் குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தார். அவர் விரலில் மாட்டிப் பார்க்க யாரிடமும் ஒன்றும் இல்லை. மூச்சு குறைவது தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது; அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவருக்கும் ஏசுதாஸுக்கும் ஒரே வயது. அதை நினைக்கும்போது, எங்கள் கதையை இப்படிச் சிரித்துச் சிரித்து எழுதலாமா என்று எனக்குத் தயக்கம் வருகிறது. எல்லம்மாக்காவிடமே கேட்டேன். அவர் ஞானதாஸ் வீட்டுக்குச் சோறு கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "நம்ம பக்கம் ஒரு சாவி இருந்துச்சு, காலேஜு. அதையும் எழுது, இதையும் எழுது" என்றார்.

ராஜாராம் அண்ணனுக்கு ஜுரம் விட்டு, டாக்டர் வந்து பார்த்து, இனி யாருக்கும் ஒட்டாது என்று சொன்ன பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளை பிறக்கட்டும், அதுவரைக்கும் இங்கேயே இருக்கிறேன் என்றார். கண்ணாடி வைத்த அறையை விட்டுப் போக மனசு வரவில்லை என்று எல்லம்மாக்கா சொன்னார். எல்லம்மாக்கா மட்டும் பரிசோதனை செய்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், ஓட்டமாக ஓடி மகள் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டார். ஏழெட்டு நாளில் வலி எடுத்தது. காயத்ரிக்குப் பெண் குழந்தை. தாயையும் நோய் தொடவில்லை, பிள்ளையையும் தொடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் வந்து சொன்னதும் எல்லம்மாக்கா முகக்கவசத்தை மூக்கு வரைக்கும் ஏற்றி, அதற்குள்ளேயே குலவை போட்டார். பாதிச் சத்தம்தான் வெளியே வந்தது.

குழந்தையை அழைத்து வந்த அன்று சாயங்காலம் ஆட்டோவில் நானும் இருந்தேன். எங்கள் சந்துக்குள் திரும்ப வேண்டிய இடத்தில் எல்லம்மாக்கா நிறுத்தச் சொன்னார்; நேரே மண்டபத்துக்கு வுடு என்றார். சந்து குறுகல், அங்கே நின்று ஆரத்தி எடுத்தால் ஒரே நேரத்தில் ரெண்டு பேர்தான் பார்க்க முடியும் என்பது அவர் சொன்ன காரணம்.

மண்டபத்து வாசலில் பட்டுக்கரை வேட்டியோடு ராஜாராம் அண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளாடியபடி ஏசுதாஸ். கடைசி நோயாளியும் தேறி வீடு போய்விட, முதல்நாளே மண்டபத்தைக் கழுவி, ஏணி வைத்து அந்த ஃபிளெக்ஸை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஆட்டோவைப் பார்த்ததும் ராஜாராம் அண்ணன் உள்ளே ஓடினார். மாப்பிள்ளை அறையில் யாரும் இல்லை, ஃபேனுக்கும் வேலை இல்லை. ஆனாலும் மெயினைத் தூக்கினார். பச்சையும் சிவப்பும் மஞ்சளும் ஓட, 'நல்வரவு' எரிந்தது. காயத்ரி குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். அது கண்ணை இடுக்கிக்கொண்டு கொட்டாவி விட்டது.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, இன்றைக்கும் கல்யாணமா என்று கேட்டார்.

எல்லம்மாக்கா ஆரத்தித் தட்டைச் சுற்றியபடியே திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள வந்து எவ்ளோ நாளாச்சு அண்ணாத்த. இன்னிக்குத்தான் பொண்ணு வந்துகீது."